தலையில் அடிபட்டால் எலும்பு சீக்கிரம் பொருந்துமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடி, தொடை எலும்பும் முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தான். இப்போது ஏழு வாரம். தலையில் அடிபட்டதால் எலும்பு வேகமாக வளர்கிறதாம். ஆனால் இடது முழங்கை வீங்கிச் சூடாக இருக்கிறது, மடக்க முடியவில்லை. எண்ணெய் போட்டு உருவலாமா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, உருவ வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. மூளையில் பலத்த காயம்பட்டவர்களுக்கு முறிந்த இடத்தில் புது எலும்பு தடிப்பாகத் திரள்வதை வைத்தியர்கள் பல காலமாகக் கண்டு வருகிறார்கள். அப்படிப்பட்டவர்களின் இரத்தநீரை ஆய்வுகூடத்தில் எலும்பு உண்டாக்கும் கலங்களோடு சேர்த்தால் அவை வேகமாகப் பெருகுகின்றன. ஆனால் எக்ஸ்ரேயில் நிறையத் தெரிவதால் பலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. எல்லா ஆய்வுகளிலும் அந்த வேகம் தெரியவுமில்லை. ஆகவே சத்திரசிகிச்சை செய்தவர் சொல்லும்வரை அந்தக் காலில் முழுப் பாரமும் வேண்டாம்.

முழங்கைதான் எனக்குக் கவலை. இதே தூண்டுதலில் சிலருக்கு எலும்பே இருக்கக் கூடாத தசைக்குள் எலும்பு முளைக்கும். இடுப்பு, முழங்கை, தோள், முழங்கால் மூட்டுகளைச் சுற்றித்தான் அதிகம். பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் இடையில் தொடங்கும். முதலில் சூடு, வீக்கம், நோவு. நாள் போகப் போக, கையை நீட்டினால் கதவு தாழ்ப்பாளில் முட்டியதுபோல ஓரிடத்தில் நின்றுவிடும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

எங்கள் பக்கத்தில் முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது பழக்கம். அவர்களது கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மூட்டை அழுத்தி உருவினால் தசை கிழிந்து இன்னும் எலும்பு படியலாம். இன்னொன்று, நினைவில்லாமல் கிடந்த பிள்ளைக்கு முழங்கையில் இருந்த முறிவு கவனிக்கப்படாமலே போயிருக்கலாம். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள். காய்ச்சல் அடித்தால், அல்லது கெண்டைக்கால் வீங்கி மூச்சு வாங்கினால், அன்றைக்கே போங்கள். கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தால் அது உயிருக்கு ஆபத்து.

தசைக்குள் எலும்பு முளைப்பதற்கு மருந்து உண்டு, பிசியோதெரபி உண்டு, தேவைப்பட்டால் எலும்பு முதிர்ந்த பிறகு வெட்டி எடுக்கலாம். பாமசியில் நீங்களாக நோ மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தலைக்காயம் உள்ளவருக்கு எது பொருந்தும் என்று வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். குளிப்பாட்டும்போதும் சேட் மாற்றும்போதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்காமல், முழங்கைக்குக் கீழே உங்கள் உள்ளங்கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள்.