நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா?

கேள்வி: வயது 29. முதல் குழந்தை சிசேரியன். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே, முன்பக்கமாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். படுத்தே இருக்கச் சொல்கிறார் மாமியார். தானாக மேலே போய்விடுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: பெரும்பாலும் போய்விடும். உண்மையில் நஞ்சு (நஞ்சுக்கொடி) நகர்வதில்லை. மாதம் ஏற ஏற கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து நீள்வதால் நஞ்சு கர்ப்பப்பை வாயிலிருந்து விலகிவிடுகிறது. 20 வாரத்தில் இப்படி இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்குள் சரியாகிவிடும். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த வாய்ப்பு சற்றுக் குறைவு.

32 வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுப்பதுதான் துல்லியம், அதனால் ஆபத்தில்லை. அப்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: நஞ்சின் விளிம்பு கர்ப்பப்பை வாயிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் விலகியிருக்கிறதா? பழைய தையல் தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா? இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். தழும்புக்குள் நஞ்சு ஊடுருவிவிட்டால் பிரசவத்தில் பிரியாது. பிரித்தெடுக்க முயன்றால் ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே அகற்ற நேரலாம். ஒரு சிசேரியனுக்குப் பின் நஞ்சு வாயை மூடியிருந்தால் நூற்றில் பத்துப் பேர் அளவில் இப்படி ஆகிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு நாற்பது பேர் வரை.

படுத்தே இருக்கத் தேவையில்லை. தாம்பத்திய உறவு மட்டும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். ஹீமோகுளோபின் 11க்குக் குறையக்கூடாது. வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் பட்டால், நின்றுவிட்டாலும் 108-ஐ அழையுங்கள். முதல் கசிவு தானே நின்றுவிடுவது வழக்கம். அடுத்தது அப்படி நிற்கும் என்று சொல்ல முடியாது. நஞ்சு கீழே இருப்பதை எங்கே போனாலும் முதலில் சொல்லுங்கள், கைவிட்டுப் பரிசோதிக்கக்கூடாது.

32 வாரத்திலும் மாறவில்லையென்றால், 34 வாரத்துக்கு முன்பே சேலத்தில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ரத்தப்போக்கோடு இறங்கக்கூடாது. வாயை மூடியிருந்தால் 36–37 வாரத்தில் சிசேரியன்; தழும்பில் ஊடுருவியிருந்தால் இன்னும் முன்னதாக, ரத்த வங்கியும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையும் உள்ள பெரிய மருத்துவமனையில்தான்.

கேள்வி: பி.பி. இருந்தால் நஞ்சுக்கொடி பாதிக்குமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பாதிக்கும். குழந்தை வளர்ச்சி குன்றலாம். நஞ்சு முன்கூட்டியே பிரியவும் கூடும். வயிறு பலகைபோல் இறுகி, தொடர்ந்து வலித்தால் உடனே கிளம்புங்கள். ரத்தம் உள்ளேயே தேங்குவதும் உண்டு, வெளியே தெரியவில்லையே என்று காத்திருக்காதீர்கள்.