குழந்தையின் இதயமும் அம்மாவின் சர்க்கரையும்: எப்போது கவனிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 31. சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். நான்கு வருடமாக இனிப்பு நீர் (இரண்டாம் வகை நீரிழிவு). மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில் சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (சர்க்கரையின் சராசரி அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.4. குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை என்று சொன்னதும் பாலிகிளினிக் டாக்டர், "முதலில் இதை 6.5-க்குக் கீழே கொண்டு வாருங்கள், குழந்தையின் இதயம் சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார். மாமியாரோ, "முதலில் தங்கட்டும், அப்புறம் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். கரு தங்கிய பிறகு கட்டுப்படுத்தினால் போதாதா?

பதில்: போதாது, சகோதரி. உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. மாமியார் ஆசையில் சொல்கிறார், ஆனால் இதயம் உருவாகும் வேகம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். மருத்துவமனையில் 'ஐந்து வாரம்', 'எட்டு வாரம்' என்பது கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது. கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். கரு உண்டாகி ஏறக்குறைய 22ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. உங்கள் காலண்டரில் அது நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆன சமயம். சிலர் அப்போதுதான் மருந்துக்கடையில் சோதனைக் குச்சி வாங்கப் போவார்கள். மொத்தக் கருவும் அப்போது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம்தான்.

அந்த நிலையில் இதயம் என்பது ஒரு குழாய். கருவின் தலைப்பகுதியை ஒட்டி இரண்டு பக்கமும் உண்டாகும் இரு மெல்லிய குழாய்கள் நடுவில் வந்து ஒன்றாகச் சேர்ந்தது அது. அறைகளும் இல்லை, வால்வுகளும் இல்லை, ஆனாலும் துடிக்கிறது. அடுத்த சில நாட்களில் குழாய் நீண்டு வலப்பக்கமாக வளைந்து மடிகிறது. பின்னால் மேலறையாகவும் கீழறையாகவும் ஆக வேண்டிய பகுதிகள் இந்த மடிப்பில்தான் தத்தம் இடத்துக்கு வருகின்றன. பிறகு உள்ளே சுவர்கள் எழுகின்றன. மேலறைகளுக்கு நடுவே வரும் சுவரில் மட்டும் ஒரு சின்ன வழி விடப்படுகிறது. வயிற்றில் இருக்கும்வரை நுரையீரலுக்கு மூச்சுவிடும் வேலை இல்லாததால் ரத்தம் அந்த வழியாகக் குறுக்கே போகிறது. பிறந்து மூச்சு விட்டதும் அது மூடிக்கொள்ளத் தொடங்கும்.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் இடம்தான். முதலில் அங்கே ஒரே குழாய்தான் இருக்கும். அதன் உள்ளே ஒரு தடுப்பு வளர்ந்து, உடம்புக்குப் போகும் பெருந்தமனி, நுரையீரலுக்குப் போகும் தமனி என இரண்டாகப் பிரிக்கிறது. அந்தத் தடுப்பு நேராக இறங்காது. பூகிஸ் பக்கம் கடைவீடுகளின் பின்னால் இருக்கும் இரும்புச் சுழல் படிக்கட்டு போலச் சுற்றிக்கொண்டு இறங்கும். சுற்றாமல் நேராக இறங்கிவிட்டால் இரண்டு தமனிகளும் இடம் மாறிப்போகும், ஆக்சிஜன் இல்லாத ரத்தமே திரும்பத் திரும்ப உடம்புக்குப் போகும். தடுப்பே எழும்பாவிட்டால் ஒரே பெரிய குழாயாக நின்றுவிடும். இரண்டுமே பிறந்த பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படும் குறைகள்.

இந்தத் தடுப்பைக் கட்டுவதில் நரம்பு முகட்டுச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி இதயம்வரை பயணம் செய்து வரும் செல்கள் அவை. அதிகச் சர்க்கரை இந்தச் செல்களைப் பாதிப்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் கருவுக்குப் போய்விடும், ஆனால் அதைச் சமாளிக்கும் இன்சுலின் கருவிடம் அப்போது இல்லை. சுவர்கள், தமனிகள், வால்வுகள் எல்லாம் மருத்துவமனைக் கணக்கில் பத்தாவது வாரத்துக்குள் பெரும்பாலும் கட்டி முடிந்துவிடும். பலருக்கு முதல் ஸ்கேனே எட்டாவது வாரத்துக்குப் பிறகுதான் நடக்கிறது. அன்றைக்குச் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கினால் குழந்தைக்கு வேறு பல நன்மைகள் உண்டு, ஆனால் இதயத்தின் அமைப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பயந்துவிடாதீர்கள். பொதுவாக நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதாவது இதயக் குறை இருக்கும். முன்பே நீரிழிவு உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு இது சில மடங்கு கூடுதல், எச்பிஏ1சி ஏற ஏற இன்னும் கூடும். அப்படியிருந்தும் பெரும்பாலான குழந்தைகள் நல்ல இதயத்தோடுதான் பிறக்கின்றன. 8.4 இறக்க முடியாத அளவும் இல்லை. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும் என்பதால், மூன்று மாதம் ஒதுக்கி உழைத்தால் பலன் அடுத்த பரிசோதனையிலேயே தெரியும். தேவைப்பட்டால் டாக்டர் இன்சுலின் சேர்ப்பார், தயங்க வேண்டாம். காலையில் குடிக்கும் இனிப்பான பால் தேநீரை (தே தாரிக்), பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' ஆக்கினாலே நாளுக்குக் கொஞ்சம் சர்க்கரை குறையும். அளவு கீழே வரும்வரை கருத்தடையைத் தொடருங்கள். இதை வெளிப்படையாகச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள், ஆனால் இந்த மாதங்களில் இதுதான் உங்கள் குழந்தைக்கான பாதுகாப்பு.

மருந்து விஷயம் அவசரம். எனாலப்ரில் கருவுக்கு ஆகாது, பாதுகாப்பான வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டினையும் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மினைத் தொடரலாம். எதையும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஃபோலிக் அமிலம் வழக்கமான 400 மைக்ரோகிராம் அல்ல, நாளுக்கு 5 மில்லிகிராம் வரை எழுதித் தருவதுண்டு. அதையும் கரு உண்டாவதற்கு முன்பே தொடங்க வேண்டும். ரூபெல்லா தடுப்பூசி போட்டதா என்று தெரியாவிட்டால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்தக் கிருமி தொற்றினால் இதயக் குறை வரலாம். ஊசி போட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

"என் அக்காவுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது, குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொல்லலாம். கர்ப்பகாலத்தில் புதிதாக வரும் நீரிழிவு பெரும்பாலும் பாதி மாதங்களுக்குப் பிறகு, இதயம் கட்டி முடிந்த பின் தலைகாட்டுவது. இங்கே 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதிப்பது அதற்காகத்தான். அப்போது சர்க்கரை கூடினால் இதயத் தசை தடிக்கலாம், பிறந்த பிறகு அது பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் நிலைமை வேறு.

கரு தங்கியதும் 20 வார வாக்கில் செய்யும் விரிவான ஸ்கேனோடு, குழந்தையின் இதயத்துக்கென்றே செய்யும் எக்கோ ஸ்கேனையும் கேளுங்கள். கேகே மருத்துவமனை, என்யூஎச் (தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை) போன்ற இடங்களில் அதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். இடையில் எதிர்பாராமல் நாள் தள்ளிப்போனால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றே கிளினிக்குக்குப் போன் செய்து, "எனக்கு நீரிழிவு, எனாலப்ரில் சாப்பிடுகிறேன், கர்ப்பமாக இருக்கலாம்" என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள்.