நீள்வாளா, ரேப்பியரா: பழைய ஐரோப்பிய வாள்வித்தையை எங்கிருந்து தொடங்குவது?

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பணிபுரியும் 34 வயது வாசகர் ஒருவரின் கேள்வி: பள்ளி நாட்களில் சில ஆண்டுகள் சிலம்பம் கற்றிருக்கிறேன். இங்கே ஒரு சங்கத்தில் பழைய ஐரோப்பிய வாள்வித்தை பழக்குகிறார்கள். ஒரு நாள் இரு கைகளால் பிடிக்கும் நீள்வாள், மற்றொரு நாள் ஒரு கையால் ஏந்தும் ரேப்பியர் வாள். எதில் சேர்வது? குருபரம்பரை அறுந்துபோன வித்தையைத் தற்காப்புக் கலை என்று நம்பிக் கற்கலாமா? தொடக்கத்தில் என்ன வாங்க வேண்டும்?

பரம்பரை அறுந்தது உண்மை என்பதால், அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி ஏந்திய சேபர் என்ற வாளுக்கு, 19ஆம் நூற்றாண்டின் குதிரைப்படை வாளிலிருந்தும் இத்தாலிய, ஹங்கேரியப் பயிற்சிக் கூடங்களிலிருந்தும் ஆசிரியர் வழியாகவே வந்து சேர்ந்த ஒரு தொடர்ச்சி உண்டு. இரு கைகளால் பிடிக்கும் நீள்வாளுக்கு அத்தகைய தொடர்ச்சி கிடையாது. எஞ்சியிருப்பவை சுவடிகள் மட்டுமே. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோஹானஸ் லிஷ்டெனாவர் என்ற ஜெர்மானிய ஆசான், வெளியாட்களுக்கு விளங்கிவிடக் கூடாது என்பதற்காகவே தம் வித்தையைப் பூடகமான ஈரடிச் செய்யுள்களாக மறைத்து வைத்தார் என்று அவர் வழிவந்தோரே எழுதுகிறார்கள். அச்செய்யுள்களுக்குப் பின்வந்தோர் எழுதிய உரைகளைக் கொண்டுதான் இன்றைய சங்கங்கள் அந்தக் கலையை மீட்டெடுக்கின்றன. அவற்றுள் மிகப் பழையதாகப் பொதுவாகக் கருதப்படும் சுவடி, உங்கள் ஊரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

ஆகவே இதில் நம்பிக்கை வைக்க வேண்டியது சோதனையின் மீதுதான். உரையை வாசித்து ஓர் அசைவை ஊகிக்கிறோம்; பின்னர் ஒத்துழைக்க மறுக்கும் எதிராளியிடம் அதைச் செய்து பார்க்கிறோம்; அது பலிக்கவில்லை என்றால் மீண்டும் உரைக்கே திரும்புகிறோம். நீங்கள் சேர நினைக்கும் சங்கத்தில் முதல் நாளே, எந்த நூலைப் பின்பற்றிக் கற்பிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியரின் பெயரும் நூலின் பெயரும் உடனே வராவிட்டால், அங்கு நடப்பது நல்ல உடற்பயிற்சியாக இருக்கலாம். வரலாற்று வாள்வித்தை என்று அதைச் சொல்ல நான் தயங்குவேன்.

எதில் சேர்வது என்றால், உங்களுக்கு நீள்வாளையே பரிந்துரைப்பேன். திரைப்படங்கள் காட்டுவதுபோல் அது தூக்க முடியாத இரும்புப் பாளம் அல்ல; பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டியே இருக்கும். அதன் சாரம் வெட்டில் மட்டும் இல்லை, வாளோடு வாள் முட்டிய பிறகு நடப்பதில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, எதிராளி தன் வலத் தோளிலிருந்து சாய்வாக வெட்டும்போது நீங்களும் அவ்வாறே வெட்டுகிறீர்கள்; இதற்குச் சினவெட்டு என்று பெயர். வாள்கள் பிணையும் அந்த நொடியில் அவருடைய அழுத்தம் தளர்வாக இருந்தால், முனையை நேரே முகத்துக்குச் செலுத்துகிறீர்கள். அவர் இறுக்கித் தள்ளினால், அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டாமல் உங்கள் வாளை மேலே எடுத்து மறுபக்கம் வெட்டுகிறீர்கள். கண்ணால் பார்த்து முடிவெடுக்க நேரமில்லாத இடத்தில் கை உணர்ந்து முடிவெடுப்பதை அந்த ஆசான்கள் ‘உணர்தல்’ என்ற சொல்லாலேயே குறித்தார்கள்.

சிலம்பம் பழகிய கால்கள் உங்களுக்குப் பெரும் துணையாக இருக்கும். கைகள்தான் தொல்லை தரும். கம்புக்கு வெட்டுவாய் இல்லை, வாளுக்கு உண்டு. வெட்டும் திசையோடு வெட்டுவாய் ஒத்துப்போகாவிட்டால் அது வெறும் தட்டுதான். சுழற்சிப் பழக்கமும் கொஞ்ச காலம் குறுக்கே நிற்கும். நான் மேலே சொன்ன நியூரம்பெர்க் சுவடி, முனையில் ஒரு நூலைக் கட்டி எதிராளியின் திறந்த இடத்தை நோக்கி யாரோ இழுப்பதுபோல் வாள் குறுகிய நேர்வழியில் செல்ல வேண்டும் என்கிறது. முதல் சில மாதங்களுக்கு அந்த நூலை மனத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

ரேப்பியர் ஒரு கையால் ஏந்தும், குத்துவதையே முதன்மையாகக் கொண்ட வாள். சால்வதோர் ஃபாப்ரிஸ் 1606இல் கோபன்ஹேகனிலும், ரிடோல்ஃபோ கப்போஃபெர்ரோ 1610இல் சியனாவிலும் வெளியிட்ட நூல்கள் படங்களோடு விரிவாக இருப்பதால், அதில் ஊகத்துக்கு இடம் குறைவு. ஆனால் நீட்டிய கையில் ஒரு கிலோவைத் தாங்கிக்கொண்டு ஆழ்ந்து பாய வேண்டியிருப்பதால், தோளும் முழங்காலும் விரைவில் முறையிடும்.

வாங்க வேண்டியவற்றில் வாள் கடைசியாக வரட்டும். பெரும்பாலான சங்கங்கள் தொடக்கத்தில் இரவல் தரும். முதலில் வாள்வீச்சு முகக்கவசத்தை வாங்குங்கள். அது பின்மண்டையைக் காக்காது என்பதால் அதற்கான தனி உறையையும் சேர்த்து வாங்க வேண்டும். அடுத்தது தொண்டைக் காப்பு. கையுறையில் மட்டும் சிக்கனம் வேண்டாம், ஏனெனில் நீள்வாளில் அடிக்கடி அடிபடுவது விரல்கள்தான். தோல் கையுறை எஃகு வாளின் அடியைத் தாங்காது, கெட்டியான ஓடு பொதிந்த கையுறையே வேண்டும். துளைப்பைத் தாங்கும் 350 நியூட்டன் தரத்திலான மெத்தை மேலங்கியை, முழுவேக மோதலுக்குப் போகும் கட்டத்தில் வாங்கினால் போதும். பின்னர் வாள் வாங்கும்போது, வளைந்து கொடுக்கும் அலகும் மழுங்கிய விளிம்பும் கொண்ட ‘ஃபெடர்’ என்ற பயிற்சி வாளைக் கேட்டு வாங்குங்கள். சுவரில் மாட்டும் அலங்கார வாளை மோதலுக்கு எடுக்கவே கூடாது. அது முறிந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு வகுப்புகளிலும் ஒரே நேரத்தில் சேர உங்களுக்கு ஆசை வரலாம். நீள்வாளில் பெரும்பாலான வெட்டுகளோடு பின்கால் முன்னே கடந்து வரும். ரேப்பியரில் வாளேந்திய பக்கத்துக் காலே பெரும்பாலும் முன்னே நிற்கும். தொடக்கத்தில் இரண்டையும் கலப்பவர்களின் கால்கள் இரண்டுக்கும் நடுவே தடுமாறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டு கழித்து ரேப்பியர் நாளுக்குப் போங்கள்.