2 வயதுக் குழந்தையோடு தேர்வுக்குப் படிக்க

ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது, விடியற்காலையில் எழுந்தால் குழந்தையும் எழுந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீங்க. விடியற்காலையில் குழந்தைகளுக்குத் தூக்கம் லேசாகத்தான் இருக்கும், பக்கத்தில் ஆள் அசைந்தாலே முழிச்சுக்கும். அந்த நேரத்தை விட்டுட்டு மதியத் தூக்கத்தைப் பிடிங்க.

குழந்தை கண் மூடியதும் பாத்திரம் தேய்க்கப் போகாதீங்க. துணி மடிக்கிற வேலையெல்லாம் அது முழிச்சிருக்கும்போதே நடக்கும். அதன் கையிலும் 2 துணி கொடுங்க. தூக்கத்தின் முதல் 25 நிமிஷம் படிப்புக்கு மட்டும். படிப்பை முடிச்சு நீங்க எழுந்திருக்கும் முன் அடுத்து எந்தப் பக்கம், எந்தக் கணக்கு என்று ஒரு வரி எழுதிடுங்க. இல்லாவிட்டால் மறுநாள் தேடுவதிலேயே நேரம் போயிடும்.

விடுமுறை நாளில் 2 மணி நேரம் குழந்தையைக் கணவரிடம் முழுசா ஒப்படைங்க, சாப்பாடு, டயப்பர் உட்பட. அப்போது கண்ணில் படாத இடத்தில் இருங்க. பார்த்துட்டா உங்ககிட்டதான் ஓடி வரும்.