ஐந்து மணிப் பசிக்கு என்ன வழி?

கேள்வி: படிவம் மூன்றில் படிக்கும் என் மகன், பள்ளி விட்டதும் நேரே டியூஷனுக்குப் போகிறான். வழியில் வாரத்துக்கு நான்கு நாளாவது பொரித்த கோழி செட், இல்லையென்றால் பர்கர் செட். சனி, ஞாயிறு செயலியில் வரவழைத்துக்கொள்கிறான். உடம்பு போட்டுவிட்டது. கண்டித்தால், "மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் உணவகம்) நீங்க சாப்பிடுற மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) மட்டும் நல்லதாம்மா?" என்கிறான். அவன் அப்பாவும் அவன் பக்கம். விரைவு உணவை ஏன் தவிர்க்க வேண்டும், எப்படித் தடுப்பது?
- ஒரு தாயார், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்; அப்போதுதான் மற்றதைக் காதில் வாங்குவான். "அதெல்லாம் விஷம்" என்று ஆரம்பித்தால், பதினைந்து வயதுப் பையன் அடுத்த வார்த்தைக்குள் எழுந்து போய்விடுவான். அது விஷமும் இல்லை. பிரச்சினை அளவிலும் அடிக்கடி சாப்பிடுவதிலும் இருக்கிறது.

உப்பிலிருந்து தொடங்குவோம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழ்தான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி அவ்வளவுதான்; சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராம். கடைக்குக் கடை மாறினாலும், இரண்டு துண்டு பொரித்த கோழியும் ஃபிரைஸும் சேர்ந்தால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி ஒரே வேளையில் தீர்ந்துவிடும். காரணம், உப்பு மேலே தூவியது மட்டும் இல்லை. கோழி உப்பு நீரில் ஊறியே வருகிறது, மாவில் உப்பு, தொட்டுக்கொள்ளும் சில்லி சாஸிலும் உப்பு. நாக்கு இதற்குப் பழகிவிட்டால் வீட்டு ரசம் சப்பென்றுதான் இருக்கும். அது உங்கள் சமையலின் குறை இல்லை.

அடுத்தது, செட்டோடு வரும் பானம். பெரிய கப்பில் ஐஸ் போக 400 மில்லி கோலா இருக்கிறது என்று வையுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் 40 கிராம்: எட்டுத் தேக்கரண்டிக்குக் குறையாது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு, சேர்க்கப்படும் சர்க்கரையின் உச்ச வரம்பு 50 கிராம். 25 கிராமோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. போத்தலில் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு நம் அரசு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025-இல் அது 90 சென் ஆனது. வரிக்குத் தப்ப 4.9 கிராமில் நிறுத்திய பானங்களும் உண்டு. அப்படி ஒரு அரை லிட்டர் போத்தலைக் குடித்தாலே 24 கிராம் உள்ளே போய்விடும்.

இதைவிட முக்கியமான காரணம், சாப்பிடும் வேகம். மெத்தென்ற பன், நார் இல்லாத மாவு, பல்லுக்கு வேலையே வைக்காத இறைச்சி. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டக் கால் மணி, இருபது நிமிடம் பிடிக்கும். பர்கர் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு ஒத்துப்போகிறது. 20 பேரை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகவும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. 500 கலோரி என்பது ஏறக்குறைய ஒன்றரை ரொட்டி சானாய்.

இப்போது மாமாக் கடை. உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. மீ கோரெங்கில் ஊற்றும் உப்புக் கிச்சாப் (சோயா சாஸ்) ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. தே தாரிக்கில் (ஆற்றிய பால் டீ) இரண்டு மேசைக்கரண்டி கட்டிப்பால் விழுந்தால் சர்க்கரை மட்டும் இருபது கிராமைத் தாண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது: மாமாக்கிடம் பேசலாம். "குவா அசிங்" என்றால் குழம்பு தனியாக வரும். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. நாசி கண்டாரில் பாதிச் சோறு, வெண்டைக்காய், முட்டைக்கோஸ், குழம்புக் கோழி என்று கேட்டு வாங்கலாம். குழம்பை "பஞ்சிர்" ஆக, அதாவது வெள்ளமாக, ஊற்றச் சொன்னால், அப்புறம் பர்கரைக் குறை சொல்லக்கூடாது.

நம் வீடுகளில் இதைச் சற்றுக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. மற்ற இனங்களைவிட நமக்குத்தான் அதிகம். ஆகவே மகனின் கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே, அல்லது அக்குளில், தோல் கருத்துத் தடித்து வெல்வெட் போல இருந்தால் அது அழுக்கு இல்லை. எலுமிச்சையும் கடலை மாவும் போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலும் பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) அழைத்துப்போய் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான்.

எப்படித் தடுப்பது? தடுக்க வேண்டாம், பசியை முந்திக்கொள்ளுங்கள். மதியம் பள்ளிக் கேண்டீனில் அரைகுறையாகச் சாப்பிட்டவனுக்கு ஐந்து மணிக்குப் பசி கொல்லும். அந்த நேரத்தில் டியூஷன் சென்டர் கீழே எந்தக் கடை இருக்கிறதோ, அதுதான் அவன் உணவு. பையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் காலை ஆறரைக்குக் கட்டிய கோழியும் அவித்த முட்டையும் நம் ஊர்ச் சூட்டில் வேண்டாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கெடாதவை: முழுக்கோதுமை ரொட்டி இரண்டு துண்டில் ஒரு மேசைக்கரண்டி கடலை வெண்ணெய், ஒரு பெராங்கான் வாழைப்பழம், சீனி சேர்க்காத 200 மில்லி பெட்டிப் பால். மொத்தம் 500 கலோரிக்குள், சுமார் 18 கிராம் புரதம். எட்டரை மணி வீட்டுச் சாப்பாடு வரை இது தாங்கும். தண்ணீர்ப் போத்தல் தனியாக.

இரவுக்கு அவன் விரும்பும் பொரித்த கோழியையே ஏர் ஃபிரையரில் செய்யலாம். எலும்போடு நான்கு தொடைத் துண்டு, தோலை எடுத்துவிடுங்கள். கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள், மிளகு, அரைத் தேக்கரண்டி உப்பு. நான்கு பேருக்கும் சேர்த்து அந்த உப்பு போதும். முந்தின இரவே பிசைந்து குளிர்ப்பெட்டியில் வையுங்கள். போடுவதற்கு முன் வழியும் மசாலாவை வழித்துவிட்டு, அரிசி மாவும் சோள மாவும் ஒவ்வொரு மேசைக்கரண்டி புரட்டி, எண்ணெயை லேசாகத் தடவுங்கள். 180 டிகிரியில் 12 நிமிடம், திருப்பிப் போட்டு 200 டிகிரியில் 10 நிமிடம். மொறுமொறுப்பு வராவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: துண்டுகளை நெருக்கி அடுக்கியிருப்பீர்கள், காற்றுப் போக வழியில்லாமல் கோழி ஆவியில் வெந்துவிடும். இரண்டு தடவையாகப் போடுங்கள். எலும்பை ஒட்டிக் கீறும்போது சாறு சிவப்பாக வந்தால் இன்னும் நான்கு நிமிடம். மாவு வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றால் எண்ணெய் படவில்லை.

கடைச் சாப்பாடு வாரத்துக்கு ஒரு நாள் இருக்கட்டும். எந்த நாள், எந்தக் கடை என்பதை அவனே சொல்லட்டும். அன்று செட் வாங்காமல் பர்கரை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். ஃபிரைஸும் கோலாவும் "இன்னும் மூன்று வெள்ளிதானே" என்று கூட வருபவை. கலோரியில் பாதி அங்கேதான். நண்பர்களோடு போகும் நாளில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

செயலியில் சேர்த்து வைத்திருக்கும் கார்டு எண்ணை வீட்டுக்காரரை விட்டே நீக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் கேட்டு 16 எண்ணையும் அடிக்க வேண்டியிருந்தால், ஞாயிறு மத்தியானத்து ஆர்டர்களில் பாதி தானாகக் குறையும். அந்த வேலையை நீங்கள் செய்தால் சண்டை. அவர் செய்தால் அவர் எந்தப் பக்கம் என்று மகனுக்குப் புரிந்துவிடும்.