டீக்கடையில் அந்தப் பத்து நிமிடம்

கேள்வி: பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வயது 36. காலை பதினோரு மணி டீ, சாயங்காலம் நாலு மணி டீ, இரண்டுக்கும் சிகரெட் இருந்தே ஆகவேண்டும். 21 நாள் தாண்டிவிட்டால் பழக்கம் போய்விடும் என்று கேள்விப்பட்டு மூன்று தடவை முயன்றேன். கடைசித் தடவை 19-ஆம் நாள் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒன்று பற்றவைத்தேன். எல்லாம் போச்சு என்று மறுநாளே பழையபடி ஒரு பாக்கெட். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்கிறார் அம்மா. எனக்கு மனஉறுதி இல்லையா? மனைவிக்கு இந்த முயற்சி எதுவும் தெரியாது.
– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: பதினெட்டு நாள் தொடாமல் இருந்தவரைப் பார்த்து மனஉறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது, தம்பி? உங்களைக் கவிழ்த்தது அந்த 21 என்கிற கணக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே வருவதற்குச் சிலருக்கு 18 நாள் போதும் என்றும், சிலருக்கு 254 நாள்வரை பிடிக்கும் என்றும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. அது சிகரெட்டை விடுகிற ஆய்வு அல்ல. தினமும் பழம் சாப்பிடுவது, ஓடுவது மாதிரி புதிதாக ஒன்றைப் பழகுகிற ஆய்வு. உங்களுக்கு வேண்டியதும் அதுதான். மூன்று தடவையும் சிகரெட்டை எடுத்தீர்கள், அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

மேசையை விட்டு வெளியே வருவது, நாலு பேரோடு பேச்சு, கையில் ஏதோ ஒன்று. இந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு வேண்டும், அதை விடாதீர்கள். கடையை மட்டும் மாற்றுங்கள். புகைக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வேறு தெருவுக்கு நடங்கள். கையில் ஒரு கடலை மிட்டாயோ, வறுத்த கடலைப் பொட்டலமோ இருக்கட்டும். ஆசை எழும்பினால் சில நிமிடத்தில் தணிந்துவிடும். உடைத்துத் தின்று முடிப்பதற்குள் பாதி போயிருக்கும். (நான் மூக்குப்பொடியை விட்டது கொட்டைப்பாக்களவு கல்கண்டை வாயில் அடக்கித்தான். இன்றும் சட்டைப்பையில் எறும்பு வரும்.) பழைய கடையில் கணக்கு இருந்தால் தீர்த்துவிட்டு, இனிமேல் கடன் தரவேண்டாம் என்று கடைக்காரரிடமே சொல்லிவிடுங்கள்.

டீயையும் பாதியாகக் குறைக்கவேண்டும். இதைப் பலரும் சொல்வதில்லை. டீயில் படபடப்பைத் தருகிற பொருள் காஃபின். புகைப்பவர் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, அதே அளவு டீ கூடுதலாக வேலை செய்யும். படபடப்பு வரும், தூக்கம் கெடும். ‘சிகரெட் இல்லாததால்தான் இப்படி’ என்று நினைத்து மறுபடி பெட்டிக்கடைக்குப் போனவர்கள் உண்டு.

முதல் சில நாள்தான் உடம்பு ரொம்பப் படுத்தும். முடியவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. பபுள்கம் மாதிரி விடாமல் மெல்லக்கூடாது. காரம் தெரிகிறவரை மென்று கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்லவேண்டும். டீ குடித்துக் கால்மணி நேரமாவது ஆகட்டும், இல்லையென்றால் மருந்து சரியாக ஏறாது. நெஞ்சுவலி, பிரஷர் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில், விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

கல்யாண மண்டபம் மறுபடி வரும். ஒன்றுதானே என்று கிளம்பாதீர்கள். மீறிப் பற்றவைத்துவிட்டால் அந்த ஒன்றோடு நிறுத்துங்கள். பாக்கெட் வாங்கியது மறுநாள் எடுத்த முடிவு, அதைத்தான் எடுக்காமல் இருக்கவேண்டும்.

மனைவியிடம் இன்று ராத்திரியே சொல்லுங்கள். முதல் வாரம் காரணமில்லாமல் எரிந்து விழுவீர்கள் என்பதையும் சேர்த்து.