140 டன் இரும்பு

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் ஒரு வீடியோ பார்த்தேன். நாம் இருக்கும் வெற்றிடமே நிலையானது இல்லையாம். எங்காவது ஓரிடத்தில் அது உடைந்தால் ஒரு குமிழி ஒளியின் வேகத்தில் விரிந்து எல்லாவற்றையும் அழித்துவிடுமாம். 'வாய்ப்பு பூஜ்ஜியம் இல்லை' என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களாம். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. மனிதனோ, மனிதனைவிட அறிவு கூடிய வேறு உயிரோ, தெரிந்தோ தெரியாமலோ பிரபஞ்சத்தை அழித்துவிட முடியுமா? முடியும் என்றால் செர்ன் போன்ற, துகள்களை வேகமாக மோதவிடும் ஆய்வகங்களை மூடிவிடலாமே? தேனியில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டாம் என்று மக்கள் சொன்னதும் சரிதானே? நம் முன்னோர் பிரளயம் என்று அன்றே சொன்னது இதைத்தானோ என்றும் தோன்றுகிறது. இப்படியிருக்க, படித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு சோர்வு. பதில் எழுதுவீர்களா?

கவின்

அன்புள்ள கவின்,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்த நேரம் அதிகாலை 2.47. அதைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

பொதுவாக இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. போன மாதம் ஒரு சாவுக்காக மாரிக்குப்பம் போயிருந்தேன். பங்காருப்பேட்டையிலிருந்து அந்தக் குட்டி ரயிலில் போகும்போது இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன். மாரிக்குப்பத்துக்கும் பிரபஞ்சம் அழிவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வருகிறேன்.

முதலில் முன்னோர் விவகாரத்தை முடித்துவிடுவோம். இல்லை, அவர்கள் சொன்னது இது இல்லை. அவர்கள் சொன்னது அவர்களுடையது, அதற்குரிய அழகு அதற்கு உண்டு. விஞ்ஞானிகள் எதையாவது கண்டுபிடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அதன்மேல் தாத்தாவின் பெயரை எழுதுவது தாத்தாவுக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் இல்லை.

வீடியோவில் சொன்னது பொய் இல்லை. மலை மேலே ஒரு சுனையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அதுதான் ஆகக் கீழான இடம் என்று தண்ணீருக்கு நினைப்பு. ஆனால் அடிவாரம் இன்னும் கீழே இருக்கிறது. சுனையின் விளிம்பு ஓரிடத்தில் உடைந்தால் அவ்வளவுதான். நம் வெற்றிடமும் அப்படி ஒரு சுனையாக இருக்கலாம் என்பதற்கான கணிதத்தை 1970களின் கடைசியில் சிட்னி கோல்மன் என்ற இயற்பியலாளர் எழுதினார். 2012இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது. அதன் எடையையும் டாப் குவார்க் என்ற இன்னொரு துகளின் எடையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், நாம் சுனையில்தான் இருக்கிறோம் போலிருக்கிறது. சரி, விளிம்பு தானாக உடைய எத்தனை காலம் ஆகும்? 2018இல் ஹார்வர்டில் மூன்று பேர் போட்ட கணக்கின்படி, 1 எழுதி அதன் பின்னால் 139 பூஜ்ஜியம் போடுங்கள். அத்தனை ஆண்டுகள். பிரபஞ்சத்தின் இன்றைய வயது 1380 கோடி ஆண்டுகள். எழுதிப் பார்த்தால் பதினோரு இலக்கத்திலேயே முடிந்துவிடும்.

தானாக உடையாவிட்டால் நாம் உடைத்துவிடுவோமா என்பதுதானே உங்கள் கேள்வி. இந்த இடத்தில்தான் 'பூஜ்ஜியம் இல்லை' வந்து நிற்கிறது. அந்த இரண்டு சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எதையும் பூஜ்ஜியம் என்று சொல்ல நேர்மையான விஞ்ஞானிக்கு வாய் வராது. நாளைக் காலை உங்கள் தலைக்கு மேலே இருக்கும் காற்றெல்லாம் அறையின் ஒரு மூலைக்குப் போய் ஒதுங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள், அதற்கும் பூஜ்ஜியம் இல்லை என்றுதான் சொல்வார். அது அவருடைய தொழில் ஒழுக்கம். வீடியோக்காரர் அந்த ஒழுக்கத்தை எடுத்து, பின்னணி இசை போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு உங்களிடம் விற்றுவிட்டார். நீங்களும் வாங்கிவிட்டீர்கள். எஞ்சினியரிங் படிக்கிறீர்கள். 'பூஜ்ஜியம் இல்லை என்றால் எவ்வளவு?' என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையா?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1983இல் பீட் ஹட், மார்ட்டின் ரீஸ் என்று இரண்டு விஞ்ஞானிகள் உட்கார்ந்து இதை யோசித்தார்கள். கையில் பெரிய எந்திரம் எதுவும் இல்லை, ஒரு எளிய கேள்விதான் இருந்தது. நாம் செய்யப்போகும் மோதலை இயற்கை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறதா? பார்த்திருக்கிறது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் எந்நேரமும் பூமியில் வந்து இடித்துக்கொண்டே இருக்கின்றன. 1991 அக்டோபர் 15 இரவு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் ஒரு துகளின் தடம் பதிவானது. ஒரு கிலோ தேங்காய் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆற்றல் இருக்கும், அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைத் துகளில். செர்னில் ஓடும் ஒரு புரோட்டானின் ஆற்றல், பறக்கும் கொசுக்கள் சிலவற்றின் ஆற்றலுக்குச் சமம். அந்த யூட்டா துகள் காற்றில் மோதியபோது உண்டான மோதல் செர்னில் நடப்பதைப்போல ஐம்பது மடங்கு வலிமையானது. பூமி உண்டானதிலிருந்து செர்னின் மொத்தப் பரிசோதனையையும் இயற்கை லட்சம் தடவையாவது இங்கேயே செய்து முடித்துவிட்டது. பூமி ஒரு தூசி. சூரியனும் மற்ற நட்சத்திரங்களும் வாங்கிய அடியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சுனை உடையவில்லை, கவின். 450 கோடி ஆண்டுகளாகக் கல்லெறிந்துகொண்டே இருக்கிறார்கள், உடையவில்லை. நாம் ஒரு கொசுவைப் பிடித்துக்கொண்டுபோய் அதில் போடுகிறோம்.

எனக்கு அந்த இரண்டு பேரையும் பிடிக்கும். இன்னொரு வகை ஆட்களும் இருந்தார்கள், அணுகுண்டு செய்தவர்கள். அணுகுண்டு வெடித்தால் பூமியின் காற்று மண்டலமே பற்றிக்கொள்ளுமோ என்று 1942இல் எட்வர்ட் டெல்லர் கேட்டார். ஹான்ஸ் பேத்தே கணக்குப் போட்டு, பற்றாது என்றார். 1945 ஜூலையில் முதல் சோதனைக்கு முன்னால் என்ரிக்கோ ஃபெர்மி அதை வைத்துப் பந்தயம் கட்டினார். வானம் பற்றிக்கொள்ளவில்லை. சரியாக மூன்று வாரத்தில் ஹிரோஷிமா பற்றிக்கொண்டது. பிரபஞ்சத்துக்காகத் தூக்கம் கெடுபவர்களைப் பார்த்தால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. போகட்டும்.

2008 செப்டம்பர் 10 அன்று செர்னில் முதன்முதலாகப் புரோட்டான் கற்றையைச் சுற்றவிட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களில் நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் போட்ட ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அப்போது குழந்தையாக இருந்திருப்பீர்கள். உலகம் முடிய இன்னும் இத்தனை மணி நேரம் என்று கடிகாரம் ஓட்டினார்கள். ஜோசியரைக் கூப்பிட்டு விஞ்ஞானி பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்தச் செய்திகளைப் பார்த்துப் பயந்துபோய் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று பேப்பரில் வந்தது. அந்தக் கடிகாரத்தை ஓட்டியவர்களில் ஒருவராவது அதற்காக ஒரு நிமிடம் திரையை இருட்டாக்கியிருப்பார்களா? உங்களிடம் நான் குரலை உயர்த்துவதற்குக் காரணம் அவள்தான். உங்கள் மேல் கோபமில்லை.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? ஒன்பதே நாளில் அந்த எந்திரம் படுத்துவிட்டது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மின் இணைப்பு சரியில்லை. ஹீலியம் பீறிட்டு, காந்தங்கள் நகர்ந்து, திரும்ப ஓட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உலகத்தை விழுங்கப் போகிறது என்று சொன்ன எந்திரம் ஒரு லூஸ் கனெக்‌ஷனில் நின்றுவிட்டது.

தேனி பற்றி இரண்டு வரி. மலையைக் குடையலாமா, காடு என்ன ஆகும், ஊர்க்காரர்களிடம் கேட்டார்களா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள், அவற்றுக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். நியூட்ரினோ என்ற நுண்துகள் கொன்றுவிடும் என்பது வேறு. இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்களைத் துளைத்துக்கொண்டு போய்விட்டன.

நியூட்ரினோ என்றதும் எனக்கு என் ஊர் வந்துவிடுகிறது. நான் பிறந்தது கோலார் தங்கவயல். மாரிக்குப்பம் அங்கேதான். சாம்பியன் ரீஃப் பக்கத்தில் லைன் வீடு. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனா சுரங்கத்துக்குள் வேலை. மேலே நான் சொன்ன காஸ்மிக் கதிர்கள் இருக்கின்றனவே, அவற்றிடமிருந்து ஒளிந்துகொள்ள இடம் தேடித்தான் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஆள் வந்தார்கள். தரையில் விரித்து வைத்த உள்ளங்கை மேல் நொடிக்கு ஒன்று என்கிற மாதிரி அந்த மழை பெய்கிறது. அது நிற்கிற இடம் வேண்டும் என்றால் 2.3 கிலோமீட்டர் கீழே போக வேண்டியிருந்தது. 1965இல் அங்கே வைத்துத்தான் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்கள் கூட இருந்தார்கள். உலகத்தில் அப்படிப் பிடித்த முதல் சில தடங்கள் எங்கள் ஊர்ப் பாறைக்குள் கிடைத்தவை. இதைப் பள்ளியில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

1980இல் மறுபடியும் இரும்புத் தகடுகள் வந்திறங்கின. அவற்றைக் கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், வைத்துக் கீழே இறக்கியவர்களில் நைனாவும் ஒருவர். இந்த முறை தேடியது வேறு. புரோட்டான் சாகுமா, அதாவது தானாகச் சிதையுமா என்று பார்க்க வந்திருந்தார்கள். ஒரு அடுக்கு இரும்பு, அதன்மேல் தடம் பிடிக்கும் கருவிகள், மறுபடி இரும்பு என்று மொத்தம் 140 டன். பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்கு இது எப்படிப் புரியும்? ஓரிரு வருடம் கழித்து ஒரு நாள், 'இரும்பு சாவுதான்னு பாக்கறாங்களாம்' என்று நைனா அம்மாவிடம் சொன்னார். அடுப்படியில் உட்கார்ந்திருந்த நான் கேட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து பதினோரு வயது. ராக்பர்ஸ்டில் ராத்திரி வீடு குலுங்கி எழுந்து பழகிய பிள்ளைகள்தான் நாங்கள். கீழே பாறை வெடித்தால் மேலே தட்டு உருளும். அதற்குப் பயந்தது கிடையாது. ஆனால் இரும்பு சாகும் என்றால்? பாறையும் சாகும், வீடும் சாகும், நைனாவும் கரைந்து போவார். மூன்று ராத்திரி தூங்கவில்லை. நாலாவது நாள் அவரிடம் கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்து திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நூத்தி நாப்பது டன்னு இரும்ப வெச்சிக்கினு வருசக் கணக்கா குந்திகினு கீறாங்க. நாலோ அஞ்சோதான் மாட்டுச்சாம். அதுவும் மெய்யா பொய்யான்னு அவங்களுக்கே தெரியல. நம்ம வூட்ல எம்மாம் இரும்பு கீது? ஒரு பெட்டி, கடப்பாரை, உங்க மாமன் சைக்கிளு. இதுல ஒண்ணு சாவறதுக்கு எத்தினி வருசம் ஆவும், நீயே கணக்குப் போடு. போட்டுட்டுப் படு."

நான் போட்டேன். சிலேட்டில் இடம் போதவில்லை. போட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

அந்த நாலைந்தும் புரோட்டானின் சாவு இல்லை என்றுதான் கடைசியில் ஆனது. ஜப்பானிலும் ஓஹையோவிலும் இதைவிடப் பெரிய தொட்டிகளைக் கட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் சாகவில்லை. இன்றைய கணக்குப்படி புரோட்டானின் ஆயுள் குறைந்தது 1க்குப் பின்னால் 34 பூஜ்ஜியம் போட்ட ஆண்டுகள். பல வருடம் கழித்து நைனாவின் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். 140 டன் இரும்பில் ஒன்று சாவதைப் பார்க்கவே சராசரியாக 250 வருடம் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு இரும்பு ஐம்பது கிலோ என்று வைத்தால் ஏழு லட்சம் வருடம். எந்த அறிவியல் நிகழ்ச்சியிலும் 'பூஜ்ஜியம் இல்லை' என்பதை இவ்வளவு நேராக யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஆறாவது வரை படித்த மனிதர்.

2001 பிப்ரவரியோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பம்புகளை நிறுத்தியதும் குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. கோடிக்கணக்கான டன் மாவுமண். காற்றடித்தால் இன்றும் வெள்ளைப் புழுதி லைன் வீடுகளுக்குள் வருகிறது. போன மாதம் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும் காபியில் பற்களில் நறநறத்தது.

வேற்றுலக அறிவாளிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போய்விட்டேன். அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், சுனையை உடைத்தேவிட்டாலும், மொத்தப் பிரபஞ்சத்தையும் அழிக்க முடியாது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, அந்த விரிவு வேகமெடுக்கிறது என்று 1998இல் தெரிந்தது. குமிழி இன்றைக்கு ஒளிவேகத்தில் கிளம்பினாலும், இப்போது சுமார் 1600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கேலக்ஸிகளை ஒரு நாளும் எட்டிப் பிடிக்காது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த ஒரு பத்திதான். முதலிலேயே எழுதியிருக்கலாம்.

ஹாஸ்டலில் இரும்புக் கட்டில்தானே? எடையை விசாரியுங்கள். அதில் எத்தனை புரோட்டான், ஒன்று சாக எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டு எனக்கு அனுப்புங்கள். பகலில் அனுப்புங்கள்.